செசோன் பியர்: கெட்டுப்போனதா, அதன் குணமே அப்படியா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் அவருடைய மச்சான் ஊருக்கு வந்தபோது, அங்கே ஒரு சின்ன மதுவாலையில் வாங்கிய செசோன் பியர் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாராம், ஒவ்வொன்றும் 750 மி.லி. ஒன்றைத் திறந்ததுமே கால்வாசி நுரையாகப் பொங்கி மேசையில் போய்விட்டது. மிச்சம் கலங்கலாக இருந்தது. கிராம்பும் மிளகும் கலந்த வாசனை, இனிப்பு என்பதே இல்லை, விழுங்கிய பிறகு பழைய கள்ளு மாதிரி ஒரு சுள்ளென்ற ருசி. இது கெட்ட சரக்கா, இல்லை இதன் ருசியே இதுதானா, இன்னொரு பாட்டிலை எப்படிக் குடித்துப் பார்ப்பது என்பது கேள்வி.

கெட்டதா இல்லையா என்று கேட்டாலும், உள்ளே இருப்பது இன்னொரு கேள்வி: ஒரு பியரின் பிறவிக் குணத்தையும் பிறகு அதற்கு வந்த கேட்டையும் மூக்கும் நாக்கும் வைத்து எப்படிப் பிரிப்பது? செசோனில் இது மற்ற பியரைவிடக் கடினம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லாகர் வகைப் பியரில் குறை என்று தள்ளுகிற பல குணங்களை இதில் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். நொதித்தல் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கலங்கல், கிராம்பு வாசனை, இனிப்பு இல்லாதது ஆகிய மூன்றும் நிச்சயமாகக் கேடு கிடையாது. பொங்கியதும் அந்தச் சுள்ளென்ற ருசியும்தான் சந்தேகத்துக்குரியவை. எழுதியதை மட்டும் படித்துவிட்டு அந்த இரண்டுக்கும் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நல்லவேளையாக இரண்டாவது பாட்டில் கையில் இருக்கிறது. அதை முறையாகத் திறந்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

செசோன், பெல்ஜியத்தின் தெற்குப் பாதியான வல்லோனியாவில், முக்கியமாக எனோ மாகாணத்துப் பண்ணைகளில் பிறந்த பியர். வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் வேலையாட்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குளிரில் காய்ச்சினால் கெடுக்கும் கிருமிகளின் தொல்லை குறைவு, நொதிப்பும் கட்டுக்குள் நிற்கும். தூர்ப் என்ற ஊரில் 1844 முதல் பண்ணையோடு சேர்ந்து இயங்கும் மதுவாலை 1920-ல் துப்பான் குடும்பத்தின் கைக்கு வந்தது; இன்று செசோன் காய்ச்சுகிற பெரும்பாலோர் அளவுகோலாக வைத்திருப்பது அவர்களுடைய 6.5 சதவீத ஆல்கஹால் பியரைத்தான். அந்தக் காலத்துப் பண்ணை பியரும் அச்சு அசலாக இதே ருசிதான் என்று சிலர் எழுதுவதை நம்பவேண்டியதில்லை. பகல் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு இவ்வளவு ஆல்கஹால் கொடுத்து வேலை வாங்க முடியாது. பழையது இதைவிட இலேசாகவும், பண்ணைக்குப் பண்ணை வேறாகவும் இருந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

ருசிக்கு வருவோம். செசோனின் குணத்தில் பெரும்பங்கு ஈஸ்ட்டினுடையது. லாகரைவிடச் சற்றுச் சூட்டில் நொதிக்கும் ஏல் என்ற பியர் வகையின் சாதாரண ஈஸ்ட்டை 18 முதல் 22 டிகிரியில் நொதிக்க விடுவார்கள். செசோன் ஈஸ்ட்டை 25-க்கு மேல், சில மதுவாலைகளில் 30-ஐயும் தாண்டி விடுகிறார்கள். மற்ற ஈஸ்ட் அந்தச் சூட்டில் கனத்த ஆல்கஹால்களைக் கொட்டிவிடும். இது பெரும்பாலும் பழ வாசனையும் மசாலா வாசனையுமாகத் தருகிறது. பார்லி, கோதுமைத் தானியத்தின் செல்சுவரில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று உண்டு. இந்த ஈஸ்ட் அதை உடைத்து 4-வினைல்குவாயகால் என்ற பொருளாக மாற்றுகிறது. கிராம்பு வாசனை அதிலிருந்துதான் வருகிறது, இதில் சந்தேகமில்லை. மிளகு விஷயம் அவ்வளவு தெளிவானதில்லை. பெரும்பாலான செசோனில் மிளகு போடுவதே கிடையாது. இதே வகைப் பொருட்கள், அதிகமான வாயுவின் குத்தல், இனிப்பு இல்லாத வறட்சி மூன்றும் சேர்ந்து நாக்குக்கு மிளகாகப் படுகிறது என்றே நான் நினைக்கிறேன். சிலர் கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றைச் சேர்ப்பதும் உண்டு. லேபிளில் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்பே இல்லாததற்கும் ஈஸ்ட்டே காரணம். சாதாரண ஏல் ஈஸ்ட் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றிலுள்ள சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். டெக்ஸ்ட்ரின் எனப்படும் நீளமான மாவுச்சத்துத் துண்டுகளை அதனால் உடைக்க முடியாது. அவை பியரில் தங்கி நாக்கில் ஒரு கனத்தைக் கொடுக்கும். செசோன் ஈஸ்ட்டில் பல, டயஸ்டாடிகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதியைத் தாமே சுரந்து, அந்த டெக்ஸ்ட்ரினையும் சர்க்கரையாக்கித் தின்றுவிடும். அளவிட்டால் 85 சதவீதம், சில சமயம் 95 சதவீதம் வரைகூடப் போகும். மிஞ்சுவது உடல் மெலிந்த, வறண்ட, கசப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும் பியர். பாட்டிலில் இருக்கும் கசப்பு அதிகமில்லை, அதை மூடி மறைக்க இனிப்பு இல்லை, அவ்வளவுதான். டாஸ்மாக் ஸ்ட்ராங் பியருக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் இதைத் தண்ணியாக இருக்கிறது என்று சொல்லும். மூன்றாவது வாயில்தான் அந்த வறட்சி இதமாகத் தெரியத் தொடங்கும்.

இப்போது கள்ளுக்கு வருகிறேன், உங்கள் சந்தேகத்தின் நடு அங்கேதான் இருக்கிறது. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். காரத்தன்மை கூடியிருப்பதால் கிருமிகள் வேலை செய்யாது. தடவாமல் விட்டால் பாளையிலிருந்து சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். அதில் ஈஸ்ட் மட்டும் இருப்பதில்லை. சைமோமோனாஸ் என்ற பாக்டீரியா, மோரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் வகை, காடியாக்கும் அசிட்டிக் வகை என்று எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. அதனால்தான் காலையில் இனிப்பாக இருந்த கள் மறுநாள் முகத்தைச் சுளிக்க வைக்கிறது. செசோனில் நடப்பது வேறு. மால்ட் சாற்றை, கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை மட்டும் விடுகிறார்கள். ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் லாக்டிக் பாக்டீரியாவை அடக்கிவைக்கும். ஆகவே சாதாரண செசோன் புளிக்கக் கூடாது. அதே நேரம், புளிப்பு என்று நாக்குக்குப் படுவதெல்லாம் புளிப்பும் கிடையாது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அதுவே மெல்லிய அமிலம். சோடாவின் சுள்ளென்ற குத்தல் அதுதான். சாதாரண லாகரில் ஒரு லிட்டருக்கு இரண்டரை லிட்டர் அளவு வாயு கரைந்திருக்கும். செசோனில் மூன்று, மூன்றரை வரை இருக்கும்.

இரண்டையும் பிரிக்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஐம்பது மி.லி. அளவை டம்ளரும் டபராவும் வைத்துக் காப்பி ஆற்றுவதுபோலப் பத்துப் பதினைந்து முறை ஆற்றுங்கள். நுரை அடங்கியதும் அறைச் சூட்டுக்கு வரும்வரை வைத்திருந்து ஒரு வாய் குடியுங்கள். சுள்ளென்றது போய்விட்டால் அது வாயுவின் வேலை. பல்லோரம் கூசி, தாடைக்குக் கீழே எச்சில் ஊறினால் அங்கே உண்மையான அமிலம் இருக்கிறது. இன்னும் நிச்சயம் வேண்டுமானால், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 3 முதல் 5 வரை நுணுக்கமாகக் காட்டும் வகையைக் கேளுங்கள், 1 முதல் 14 வரை காட்டும் தாள் இதற்கு உதவாது. வாயு நீக்கிய பியரில் தொட்டுப் பாருங்கள். 4.1 முதல் 4.5-க்குள் இருந்தால் சாதாரண பியர். 3.7-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா உள்ளே வேலை செய்திருக்கிறது. இடைப்பட்டதை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள்.

பாக்டீரியா வேலை செய்திருக்கிறது என்றாலே கெட்டது என்றும் ஆகாது. சின்ன மதுவாலைகள் சில, லாக்டிக் பாக்டீரியாவையும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டையும் தெரிந்தேதான் சேர்க்கின்றன. பிரெட்டனோமைசிஸ் சேர்ந்த பியரில் மாட்டுத்தொழுவம், பழைய தோல்வார், ஈரமண் போன்ற வாசனை வரும். அதை விரும்பிக் காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. மதுவாலை தன் பியரைப் பற்றி லேபிளிலோ வேறெங்காவதோ புளிப்பு என்றோ காட்டு ஈஸ்ட் என்றோ மரப்பீப்பாயில் வைத்தது என்றோ சொல்லியிருந்தால், லாக்டிக் புளிப்பும் தொழுவ வாசனையும் கணக்கில் சேர்ந்தவை. எப்படிச் சொன்னாலும் சேராதவை சில உண்டு. மூக்கைத் தாக்கும் காடி நெடி, வாந்தி நாற்றம், பாப்கார்னில் ஊற்றுகிற வெண்ணெய் மணம், ஊற்றும்போது எண்ணெய்போல இழையாக இறங்கும் வழவழப்பு. இவற்றில் ஒன்று தெளிவாக இருந்தால் கெட்டது என்று தயங்காமல் சொல்லலாம். அப்படிப்பட்டதைக் குடித்துவிட்டால் பயப்படவேண்டியதில்லை. ஆல்கஹால், அமிலம், ஹாப்ஸ் மூன்றும் இருக்கும் இடத்தில் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் பொதுவாகப் பிழைப்பதில்லை. ருசிதான் போகும்.

பொங்கியதற்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கலாம். நம்மூரில் முதலில் சந்தேகப்படவேண்டியது சூட்டையும் குலுக்கலையும். வாயு குளிர்ந்த திரவத்தில் அதிகம் கரையும், சூட்டில் வெளியே வரத் துடிக்கும். 5 டிகிரியில் இருக்கும் பாட்டிலை 35 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உள்ளே அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பெட்டியில் படுத்துக் குலுங்கி வந்து, அடியிலிருந்த ஈஸ்ட் படிவு மேலேறியிருந்தால், அந்தத் துகள் ஒவ்வொன்றும் குமிழி பிறக்கும் இடமாகிவிடும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துத் திறந்தாலும் பொங்கும், ஏனென்றால் கண்ணாடியோரம் குளிர்ந்திருக்கும், நடுப்பகுதி குளிர்ந்திருக்காது. இரண்டாவது காரணம், பாட்டிலுக்குள் சர்க்கரை கூடுதலாக மிஞ்சியது. இவ்வகைப் பியரில் வாயுவுக்காகப் பாட்டிலில் அடைக்கும்போதே கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு. ஈஸ்ட் டெக்ஸ்ட்ரினைத் தின்று முடிக்கும் முன் அவசரப்பட்டு அடைத்துவிட்டால், அது பாட்டிலுக்குள் தொடர்ந்து தின்னும், லிட்டருக்கு நாலைந்து கிராம் மிஞ்சியிருந்தாலே போதும். பெல்ஜியத்து நிலவறைக் குளிரில் அது மெதுவாக நடக்கும். சித்திரை வைகாசியில் நம் வீட்டு அலமாரி, இந்த ஈஸ்ட்டுக்கு மிகப் பிடித்த சூட்டில் இருக்கிறது. மூன்றாவது, வெளிக்கிருமி. நான்காவதாக, வயலிலேயே பூஞ்சை பிடித்த பார்லியிலிருந்து வரும் ஒருவகைப் புரதமும் பொங்கவைக்கும், ருசியில் வித்தியாசமே தெரியாது.

இரண்டாவது பாட்டில் நன்றாகக் குளிர்ந்து, அசையாமல் நின்றபின் அமைதியாகத் திறந்தால் முதல் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் பொங்கி, ருசி மெலிந்து புளித்திருந்தால் கிருமி. பொங்கியும் ருசி நன்றாக இருந்தால் இரண்டாவதா நான்காவதா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. எப்படியானாலும், ஒன்று பொங்கிய பிறகு அதன் ஜோடியைச் சூட்டில் வைத்திருக்காதீர்கள். பரணிலோ காரிலோ இருந்தால் உடனே ஒரு தடித்த துண்டைச் சுற்றி எடுத்து ஃப்ரிட்ஜில் நிறுத்துங்கள். ஷாம்பெயின் பாட்டில்போல் தடித்த கண்ணாடி என்றால் தாங்கும். மெல்லிய பாட்டில் வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து.

வெளிச்சத்தையும் நாட்பட்ட சூட்டையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊரில் வைத்திருக்கும் பியரை அதிகம் கெடுப்பவை இவைதான். பச்சைப் பாட்டில் என்றால் கவனம். வெயில் பட்டால், சூரிய ஒளியின் நீலப்பகுதி ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து ஒரு கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். நேர் வெயிலில் சில நிமிடம் போதும். ரப்பரும் பூண்டுத் தோலும் சேர்ந்து எரிந்த மாதிரி நெடி அடிக்கும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், பச்சை கொஞ்சம்தான் தடுக்கும். சூட்டுக்குத் தொழிலில் சொல்லும் கைக்கணக்கு ஒன்று உண்டு: 3 டிகிரியில் 300 நாளில் வரும் மூப்பு, 22 டிகிரியில் 30 நாளில் வரும், 32 டிகிரியில் 3 நாளிலேயே வந்துவிடும். இது தோராயம்தான். உயிருள்ள ஈஸ்ட் பாட்டிலில் இருந்தால் உள்ளே புகுந்த ஆக்சிஜனை அது கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் செசோன் இதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் ஒரு கோடை முழுவதும் அலமாரியில் இருந்த பாட்டில், நனைந்த அட்டைப்பெட்டி வாசனையோடு வந்தால் மதுவாலையைக் குறை சொல்ல முடியாது. படிந்த ஈஸ்ட் நெடுநாள் சூட்டில் செத்து உடைந்தால் சோயா சாஸ் போன்ற ஒரு மணமும் வரும்.

சரி, இரண்டாவது பாட்டில். ஃப்ரிட்ஜ் கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் ஆடும். உள்தட்டில் நிமிர்த்தி இரண்டு நாள் நிற்கட்டும், படிவு அடியில் இறுகிவிடும். குடிக்க நல்ல சூடு 8 முதல் 12 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது 4, 5 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் வாசனை வராது, கசப்பும் வாயுவும் மட்டும்தான் தெரியும். அதற்காகப் பாட்டிலை வெளியே வைத்துச் சூடேற்றவும் வேண்டாம், பொங்கும். குளிரக் குளிரத் திறந்து, கிளாஸில் ஊற்றியபின் சூடேற விடுங்கள். 34 டிகிரி இருக்கும் அறையில் 150 மி.லி. பியர் ஐந்து நிமிடத்தில் 8 டிகிரியைத் தொடும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 12-ஐ. அந்த இடைவெளிதான் ருசி பார்க்கும் நேரம். ஃபேனுக்கு நேர்கீழே உட்காராதீர்கள், வாசனை நிற்காது.

எவர்சில்வர் டம்ளர் இதற்குச் சரிப்படாது. நிறமும் நுரையும் தெரியவேண்டும். டியூலிப் கிளாஸ் இல்லாவிட்டால் வாய் குறுகிய ஒயின் கிளாஸ், 300 மி.லி.க்குக் குறையாமல். சுத்தம்தான் முக்கியம். எண்ணெய்ப் பசை நுரையைக் கொன்றுவிடும், சோப்பு மிச்சமும் அப்படியே. தாளித்த சட்டியைத் தேய்த்த நாரால் கிளாஸைத் தேய்க்காதீர்கள். புது ஸ்பாஞ்சில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்து, தாராளமாகக் கழுவி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். முழுக்க ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். துளித்துளியாகப் பிரிந்தால் அங்கே பசை இருக்கிறது. பியர் ஊற்றியபின் ஓரத்தில் ஒரே இடத்தில் குமிழி ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே பொருள்தான்.

கம்பிக் கூடும் கார்க்கும் போட்ட பாட்டில் என்றால், கூட்டைத் தளர்த்தும்போதே கட்டைவிரல் கார்க்கின் மேல் இருக்கட்டும். முகத்தை விட்டு விலக்கி, சற்றுச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலைத் திருகுங்கள். மூச்சு விடுவதுபோல வாயு வெளியேற வேண்டும். சாதாரண மூடி என்றால் ஓப்பனரால் ஒரு நூல் அளவு தூக்கி, சீறல் அடங்கியபின் முழுக்க எடுங்கள். எதற்கும் கீழே ஒரு பேசின் இருக்கட்டும். நாலு கிளாஸை வரிசையாக வைத்து, பாட்டிலை இடையில் நிமிர்த்தாமல் ஒரே சாய்ப்பில் வரிசையாக ஊற்றிக்கொண்டே போங்கள். நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்த்தால் ஒவ்வொரு முறையும் படிவு கலங்கும். கிளாஸைச் சாய்த்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் விட்டால் மூன்று விரல்கடை நுரை நிற்கும். அடியில் ஐம்பது, அறுபது மி.லி. பாட்டிலிலேயே இருக்கட்டும். மங்கிய வைக்கோல் நிறம் முதல் ஆரஞ்சு சாயல் பொன்னிறம் வரை, இலேசான கலங்கலோடு இருந்தால் இயல்பு. புரதமும் ஈஸ்ட்டும்தான் அந்தக் கலங்கல், சூடேறும்போது கொஞ்சம் தெளிவதைக்கூடப் பார்க்கலாம்.

குடிக்கும் முன் மூக்கு. ஊற்றிய முதல் நிமிடத்தில் இலேசாகக் கந்தகம் அடித்தால் பொறுத்திருங்கள், அது பறந்துவிடும். வெளிச்சத்தில் கெட்ட நெடி பறக்காது, அதுதான் வித்தியாசம். கிளாஸை இலேசாகச் சுழற்றி, நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக மூன்று மோப்பம் பிடியுங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும். நல்ல செசோனில் முதலில் எலுமிச்சைத் தோலோ நார்த்தங்காய்த் தோலோ தெரியும், அதன் பின்னால் பேரிக்காய் மாதிரி ஒரு பழம், பிறகு கிராம்பும் நல்லமிளகும், அடியில் ரஸ்க்கும் வைக்கோலும். எல்லாம் ஒரே பியரில் வரவேண்டும் என்பதில்லை. மூக்கு குழம்பினால் உங்கள் முழங்கையை மோந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். நெயில் பாலிஷ் வாடை தெளிவாக அடித்தால் நொதிப்பு கட்டுமீறியிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வாய் சும்மா, நாக்கைப் பழக்க. இரண்டாவது வாயில் ஒரு மேசைக்கரண்டி அளவு எடுத்து, வாய் முழுக்கப் படும்படி உருட்டி விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். கிளாஸில் தெரியாத மசாலா வாசனை அப்போதுதான் வரும். விழுங்கிய பிறகு எண்ணத் தொடங்குங்கள். இனிப்பு சட்டென்று அறுந்து, கசப்பு பத்து எண்ணும்வரை மெதுவாக நின்று, வாய் காய்ந்து அடுத்த வாய்க்கு ஆசை வரவேண்டும். தொண்டையில் எரிச்சல் கூடாது, 6.5 சதவீத ஆல்கஹால் நல்ல செசோனில் தெரியவே தெரியாது. கசப்பு உறைத்து நாக்கை இழுத்துப் பிடித்தால் ஹாப்ஸ் கூடிவிட்டது, அது ருசிபேதம். தேன், உலர்திராட்சை மாதிரி வந்தால் மூப்பு. இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே கிளாஸை மீண்டும் பாருங்கள். குறை உள்ள பியர் சூடேறச் சூடேற மோசமாகும். நல்ல செசோன் 12 டிகிரியில்தான் தன் பழ வாசனையை முழுக்கக் காட்டும்.

ருசி பார்க்கும்போது வாயில் வெறும் ரொட்டி, பொடி தடவாத இட்லி, தண்ணீர், இவற்றுக்கு மேல் எதுவும் வேண்டாம். அல்வா பக்கத்தில் இருக்கவே கூடாது. அந்தச் சர்க்கரையும் நெய்யும் நாக்கில் இருக்கும்வரை எந்த செசோனும் கசந்து புளித்ததாகத்தான் தெரியும். முதல் பாட்டிலின்போது இனிப்பு ஏதாவது சாப்பிட்டிருந்தால் உங்கள் சந்தேகத்தில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். காரச் சால்னாவும் சேராது, வாயுவும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். குறித்து முடித்தபின் சாப்பாட்டோடு குடிக்க விரும்பினால், வறுத்த நெத்திலி அருமையாகப் பொருந்தும், வாயு அந்த எண்ணெயை நாக்கிலிருந்து கழுவிவிடும். ஆனால் என்னைக் கேட்டால் நம்மூர் சொதிதான் முதல் தேர்வு. தேங்காய்ப்பாலின் மிதமான இனிப்புக்கு இந்த வறட்சியும், அதில் விழுந்த இஞ்சி எலுமிச்சைக்கு இந்த மசாலா வாசனையும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

பாட்டிலில் விட்ட அந்த ஐம்பது மி.லி.யைச் சுழற்றிக் கலக்கி, தனிக் கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ரொட்டி மாவு வாசனையோடு கொஞ்சம் கனமாக இருந்தால் ஈஸ்ட் நலமாக இருக்கிறது. சோயா, இறைச்சிச் சாறு மாதிரி வந்தால் சூட்டில் அடிபட்டிருக்கிறது. அதை முழுக்கக் குடிக்கத் தேவையில்லை, சிலருக்கு வயிறு கலங்கும். 750 மி.லி., 6.5 சதவீதம் என்றால் மொத்தம் 38 கிராம் ஆல்கஹால். நாலு பேர் பிரித்துக்கொண்டால் ருசி பார்க்கச் சரியாக இருக்கும். ஒருவரே குடித்தால் கடைசிக் கிளாஸுக்கு வரும்போது நாக்கு சொல்வதை நம்ப முடியாது, வண்டியும் எடுக்கக் கூடாது.

இரண்டாவதும் பொங்கி, ஆற்றிய பிறகும் புளித்து, லேபிளில் புளிப்பு பற்றி ஒன்றுமே இல்லையென்றால், மச்சான் மூலமாக அந்த மதுவாலைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பாட்டிலில் அச்சிட்ட தொகுதி எண், தேதி, வாங்கிய நாள், எத்தனை நாள் எந்தச் சூட்டில் இருந்தது, பி.எச். பார்த்திருந்தால் அந்த எண், இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தனவா என்பது, கிளாஸில் ஊற்றிய படம் ஒன்று. இவ்வளவும் இருந்தால் அதே தொகுதியில் தாங்கள் எடுத்துவைத்திருக்கும் மாதிரிப் பாட்டிலை அவர்கள் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அங்கேயும் புளித்திருந்தால் குறை அவர்கள் ஆலையில். அது நன்றாக இருந்தால், அங்கிருந்து பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் பட்ட சூடு காரணமாக இருக்கலாம்.